பண்டாரா 1954: அண்ணல் தோற்ற இடைத்தேர்தல்

ஏப்ரல் 14 வந்தாலும் டிசம்பர் 6 வந்தாலும் எல்லாக் கட்சிக்காரர்களும் அண்ணல் அம்பேத்கரின் சிலைக்கு மாலையோடு வந்துவிடுகிறார்கள். மாலையைப் போட்டுவிட்டு மேடையேறினால் ஒரு பழைய செய்தியும் தவறாமல் வரும். அம்பேத்கரை மக்களவைக்குள் நுழையவிடாமல் காங்கிரஸ் இருமுறை தோற்கடித்தது என்பார்கள். செய்தி உண்மைதான். ஆனால் அது ஒரு கட்சியை அடிக்க இன்னொரு கட்சி எடுக்கும் கல்லாக மட்டுமே பயன்படுகிறது. எப்படித் தோற்றார், யாருடைய வாக்கு எங்கே போனது, அந்தத் தொகுதி ஏன் காலியானது என்று மேடையில் யாரும் சொல்வதில்லை. தோழர்களே, இந்தக் கேள்விகளில்தான் நம்முடைய வரலாறு இருக்கிறது. எனவே அந்த இரண்டாவது தேர்தலை, 1954 மே மாதம் பண்டாராவில் நடந்த இடைத்தேர்தலை, சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அதற்கு முன் இன்னொரு காலியிடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1946இல் பம்பாய் மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போக அண்ணலுக்கு வழி இருக்கவில்லை. ஜோகேந்திரநாத் மண்டல் போன்றோரின் உழைப்பால் வங்காளத்திலிருந்துதான் அவர் தேர்வானார். மறு ஆண்டே நாடு பிரிந்தது. வங்காளமும் பிரிந்தது, அந்த இடமும் போயிற்று. அப்போது பம்பாயில் எம்.ஆர். ஜெயகர் விலகியதால் ஓர் இடம் காலியாக இருந்தது. 1947 ஜூன் 30 அன்று ராஜேந்திர பிரசாத் பம்பாய் பிரதமர் பி.ஜி. கேருக்குக் கடிதம் எழுதினார். அம்பேத்கரின் பணியை இழக்க முடியாது, ஜூலை 14 கூட்டத்துக்குள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள் என்பதே அதன் சாரம். அப்படியே நடந்தது. ஆக, தேவைப்பட்டபோது காலியிடத்தை நிரப்ப காங்கிரசுக்கு இரண்டு வாரம் போதுமாக இருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து இன்னொரு காலியிடம் வந்தபோது அதே கட்சி அவரை எதிர்த்து ஆள் நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் அரசியல் சட்டம் எழுதி முடிந்திருந்தது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டிருந்தது. 1951 செப்டம்பரில் அமைச்சரவையிலிருந்து அண்ணல் வெளியேறியும் இருந்தார்.

இனி பண்டாராவுக்கு வருவோம். நாக்பூருக்குக் கிழக்கே, பீடி இலைக் காடுகளும் நெல் வயல்களும் உள்ள மாவட்டம். இன்று மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அன்று நாக்பூரைத் தலைநகராகக் கொண்ட பழைய மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. மகர் மக்கள் திரளாக வாழும் விதர்ப மண் இது. பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு 1942 ஜூலையில் பிறந்த நாக்பூர் பக்கத்தில்தான் உள்ளது. அந்த மாநாட்டில் கூட்டமைப்பின் தலைவரானவர் நம் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ் என்பதை இளைய தோழர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். எனவே சொல்லி வைக்கிறோம்.

இந்தத் தொகுதி காலியான கதை தனியாகவே படிக்கத் தக்கது. முதல் பொதுத் தேர்தலில் பண்டாரா இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு தனி இடம். பொது இடத்தில் வென்ற காங்கிரசின் சதுர்புஜ் விட்டல்தாஸ் ஜசானி, மூல்ஜி சிக்கா என்ற பீடி நிறுவனத்தின் பங்குதாரர். அந்த நிறுவனம் படைவீரர்களுக்கு விற்பதற்காக மத்திய அரசுக்குப் பீடி கொடுக்கும் ஒப்பந்தம் வைத்திருந்தது. அரசோடு ஒப்பந்தம் உள்ளவர் தேர்தலில் நிற்க முடியாது என்பது சட்டம். இது ஒரு வழக்கு. தனி இடத்தில் இன்னொரு சிக்கல். கங்காராம் தவரே என்பவர் வேட்புமனு தந்தார். பிறப்பால் மகர். ஆனால் மகானுபாவ பந்தத்தில் சேர்ந்தவர். சாதியையும் பல தெய்வ வழிபாட்டையும் மறுத்து, 13ஆம் நூற்றாண்டில் சக்ரதர சுவாமி தொடங்கிய மராத்திய நெறி அது. அதில் சேர்ந்துவிட்டதால் தவரே இனி மகர் அல்ல, எனவே பட்டியல் சாதியினரும் அல்ல என்று சொல்லி அவருடைய மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

தேர்தல் தீர்ப்பாயம் தேர்தலையே ரத்து செய்தது. மேல்முறையீட்டில் 1954 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி விவியன் போஸ் தீர்ப்பு எழுதினார். நாக்பூர் உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர், அந்த மண்ணை அறிந்தவர். ஜசானி தகுதியற்றவர் என்றார். தவரே விஷயத்தில் அவர் கேட்ட கேள்விகள் முக்கியமானவை. ஒருவர் வேறு நெறிக்குப் போனால் பழைய சாதியார் அவரை எப்படி நடத்துகிறார்கள்? அவருடைய சொந்த எண்ணம் என்ன? புதிய நெறியின் விதிகள் என்ன சொல்கின்றன? இந்த மூன்றையும் பார்த்தால் தவரே மகராகவே இருக்கிறார், அவர் மனுவைத் தள்ளியது தவறு என்று தீர்ப்பு வந்தது. சாதியை மறுக்கும் பந்தத்தில் சேர்ந்தாலும் சாதி அவரை விடவில்லை என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

இதே கேள்வி இரண்டரை ஆண்டில் பேருருவம் எடுத்துத் திரும்பி வந்தது. 1956 அக்டோபர் 14 அன்று அதே விதர்பத்தில், நாக்பூரில், அண்ணலும் பல லட்சம் மக்களும் பௌத்தம் தழுவினார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு கட்டிப்போட்டிருந்ததால் பௌத்தரானவர்கள் அந்தத் தகுதியை இழந்தார்கள். அது திரும்பக் கிடைக்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிறித்தவத் தலித்துகளுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. கங்காராம் தவரேவுக்குக் கேட்ட மூன்று கேள்விகளை இவர்களுக்கும் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்று சட்டம் படிக்கும் தோழர்கள் யோசித்துப் பார்க்கலாம். அது தனியாக எழுத வேண்டிய செய்தி. இப்போது தேர்தலுக்குத் திரும்புவோம்.

1954இல் அண்ணலுக்கு வயது 63. நீரிழிவும் மூட்டு வலியும் உடலை வாட்டிக்கொண்டிருந்தன. 1952இலேயே பம்பாயிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வாகி உறுப்பினராகவும் இருந்தார். கையில் ஒரு பதவி இருக்கும்போது எரிக்கும் வெயிலில் விதர்பத்துக்குப் போய் ஏன் வாக்குக் கேட்க வேண்டும்? மாநிலங்களவைக்கு அனுப்பியவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். மக்களிடம் நேரடியாகப் போய், அவர்கள் வாக்கால் உள்ளே வரவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது என்றே நாம் நினைக்கிறோம். வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1928இல் சைமன் குழு முன்பும் 1930இல் வட்டமேசையிலும் வாதாடியவர் அவர். அந்த வாக்கால் தாமே தேர்வாகாமல் இருப்பது உறுத்தியிருக்காதா?

முதல் தோல்வி வடக்கு பம்பாயில். 1952 ஜனவரி. அதுவும் இரட்டைத் தொகுதிதான். தனி இடத்தில் காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கரிடம் 14,000 வாக்குக்கும் சற்று அதிகமான வித்தியாசத்தில் தோற்றார். கூட நின்ற சோசலிஸ்ட் தலைவர் அசோக் மேத்தாவும் பொது இடத்தில் தோற்றார். ஆனால் மேத்தாவுக்கு விழுந்த வாக்கு அண்ணலுக்கு விழுந்ததைவிட அதிகம். இந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாக்களித்த முறையைச் சொல்லியாக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் பண்டாரா புரியாது. அந்தக் காலத்தில் ஒரே தாளில் எல்லாச் சின்னங்களும் அச்சிட்டு முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் அவர் சின்னம். பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கு யானை. வாக்காளர் மறைவிடத்துக்குள் போய்ப் பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். இரட்டைத் தொகுதி என்றால் கையில் இரண்டு சீட்டு. இரண்டையும் ஒரே பெட்டியில் போடக் கூடாது. போட்டால் ஒன்று செல்லாது. முதல் தேர்தலில் நாடு முழுக்க இப்படி 86 இரட்டைத் தொகுதிகள் இருந்தன. நம் மாநிலத்திலும் 1952லும் 1957லும் இருந்தன. ஊரில் தொண்ணூறைத் தாண்டிய தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், இரண்டு சீட்டுப் போட்ட கதை சொல்வார்கள்.

எண்ணும் முறையில்தான் நுட்பம். முதலில் பட்டியல் சாதி வேட்பாளர்களில் யார் அதிக வாக்குப் பெற்றாரோ அவருக்குத் தனி இடம். பிறகு மீதியுள்ள எல்லாரிலும் யார் முன்னே நிற்கிறாரோ அவருக்குப் பொது இடம். அந்த மீதியில் இன்னொரு தலித் வேட்பாளர் முன்னே நின்றால் பொது இடமும் அவருக்கே. அதாவது தலித் வேட்பாளருக்கு உள்ளே நுழைய இரண்டு வாசல்கள். சாதி இந்து வேட்பாளருக்கு ஒன்றுதான்.

இந்த முறையில் ஒரு தந்திரம் உண்டு. உங்கள் ஆளுக்கு ஒரு சீட்டைப் போட்டுவிட்டு இரண்டாவது சீட்டை யாருக்கும் பயன்படாமல் பாழாக்கிவிடுவது. அதனால் உங்கள் ஆளை முந்தக்கூடிய இன்னொருவருக்கு உங்கள் கையாலேயே வாக்குச் சேராது. 1952இல் பம்பாயில் நடந்ததாக அண்ணல் குற்றம் சாட்டியது இதைத்தான். கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கே தரப்பு, இரண்டாவது வாக்கைப் பாழாக்கும்படி தொழிலாளர்களிடம் பிரச்சாரம் செய்தது என்றார். 74,333 சீட்டுகள் எண்ணப்படாமல் தள்ளப்பட்டன என்று அண்ணலும் அசோக் மேத்தாவும் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். தோல்வி வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்கு. மில் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதியில், உழைக்கும் மக்களின் கட்சி என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒரு தலித் தலைவருக்கு அந்த இரண்டாம் சீட்டைத் தரவிடாமல் செய்தார்கள் என்ற கசப்பு அவருக்குக் கடைசிவரை போகவில்லை. தேர்தல் மனு தள்ளுபடியானது.

பண்டாராவில் கூட்டாளி மறுபடியும் அசோக் மேத்தாதான். இப்போது பிரஜா சோசலிஸ்ட் கட்சி. மேத்தா பொது இடத்துக்கு, அண்ணல் தனி இடத்துக்கு. தனி இடத்தில் காங்கிரஸ் நிறுத்தியது பாவுராவ் போர்க்கர் என்ற தலித் வேட்பாளரை. பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு எல்லாத் தேர்தலிலும் நடந்ததுதான் இங்கும். தலித் தலைவரை எதிர்க்க இன்னொரு தலித்தை நிறுத்தினால் போதும். யார் வெல்வது என்பதைச் சேரியைவிட ஊர் அதிகமாகத் தீர்மானிக்கும். போர்க்கர் மீது நமக்குப் பகை ஏதுமில்லை. அவரை வேட்பாளராக்கிய கணக்கைத்தான் பேசுகிறோம். இடைத்தேர்தலில் இந்தக் கணக்கு இன்னும் எளிது. பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சி ஐந்நூறு இடத்தில் கவனம் வைக்க வேண்டும். இடைத்தேர்தலில் ஒரே இடம். இதை நம் ஊர் இடைத்தேர்தல்களில் கண்ணாரப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கூட்டமைப்பின் தொண்டர்களுக்குத் தங்கள் பலமும் தெரிந்திருந்தது, பம்பாயின் பாடமும் நினைவிருந்தது. நம் ஆட்கள் ஒரு சீட்டை யானைப் பெட்டியில் போடட்டும், இரண்டாவதைப் பாழாக்கட்டும், மேத்தாவுக்குப் போடவேண்டாம் என்று ஒரு யோசனை எழுந்தது. போர்க்கர் முந்தினால்கூட இரண்டாம் வாசல் வழியே, பொது இடத்தில், பாபாசாகேப் உள்ளே போய்விடலாம் அல்லவா? இந்த யோசனையை அண்ணல் ஏற்கவில்லை என்று அவரோடு இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. தோற்றாலும் சரி, வாக்கைப் பாழாக்கச் சொல்லமாட்டேன் என்பதே அவர் நிலை. இரண்டு சீட்டையும் ஒழுங்காகப் போடுங்கள் என்றார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். இதற்கு எட்டு மாதம் முன்பு, 1953 செப்டம்பர் 2 அன்று, ஆந்திர மாநில மசோதா விவாதத்தில் மாநிலங்களவையில் அவர் பேசியது நாடறியும். இந்த அரசியல் சட்டத்தை எரிக்கும் முதல் ஆளாக நானே இருப்பேன் என்ற பொருளில் சீறினார். சிறுபான்மையோருக்கும் நலிந்தோருக்கும் காப்பு இல்லாத பெரும்பான்மை ஆட்சி பற்றிய கோபம் அது. சட்டத்தையே எரிக்கத் தயார் என்றவர், ஒரு வாக்குச் சீட்டைப் பாழாக்க மட்டும் சம்மதிக்கவில்லை. இதில் முரண் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. சட்டம் அவருக்கு ஒரு கருவி. வேலை செய்யவில்லை என்றால் தூக்கி எறியலாம். சேரியிலிருந்து நடந்து வந்து, தன் வாழ்நாளில் இரண்டாவது முறையாக வாக்களிக்க நிற்கும் ஒரு கூலிக்காரரின் சீட்டு அப்படியல்ல. மூவாயிரம் ஆண்டு மறுக்கப்பட்டது கையில் வந்திருக்கிறது. அதைப் பாழாக்கு என்று அவரிடம் யார் சொல்வது? டாங்கே தரப்பைக் குற்றம் சாட்டி மனுப் போட்டவரே அதைச் சொன்னால் அந்த மனுவுக்கு என்ன மதிப்பு?

முடிவு வந்தது. பொது இடத்தில் அசோக் மேத்தா வென்றார். தனி இடத்தில் அண்ணல் 8,381 வாக்குகளில் போர்க்கரிடம் தோற்றார். மொத்தக் கணக்கில் மூன்றாவதாக வந்தார் என்று வாழ்க்கைக் குறிப்புகளில் படிக்கிறோம். ஒரே கூட்டணி, ஒரே தொகுதி, ஒரே வாக்காளர்கள், ஆளுக்கு இரண்டு சீட்டு. ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார். நம் மக்களின் இரண்டாம் சீட்டு மேத்தாவின் பெட்டிக்குப் போனது. மேத்தாவுக்கு வாக்களித்த சாதி இந்துக்களில் எத்தனையோ பேரின் இரண்டாம் சீட்டு யானைப் பெட்டிக்கு வரவில்லை. பம்பாயில் அடிக்கோடிடச் சொன்ன அதே வரிதான். மேத்தா நேர்மையானவரா, உண்மையாகப் பாடுபட்டாரா என்பதல்ல பிரச்சினை. தலைவர்கள் கைகுலுக்கலாம். வாக்குப் பெட்டியின் முன்னால் தனியாக நிற்கும்போது ஊர்க்காரரின் கை எந்தப் பெட்டிக்கு நீள்கிறது என்பதைக் கூட்டணி ஒப்பந்தத்தால் தீர்மானிக்க முடியவில்லை. நம் பக்கத்துத் தொகுதிகளில் வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்த தோழர்கள் இரவில் வந்து சொல்வார்களே, நம்ம ஓட்டு அங்க போச்சு, அவங்க ஓட்டு இங்க வரல என்று. அந்தப் பேச்சுக்குக் குறைந்தது எழுபது வயது ஆகிறது.

நேரு தோற்கடித்தார் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் இந்தப் பகுதியை மறைத்துவிடுகிறார்கள். காங்கிரஸ் எதிர்த்து ஆள் நிறுத்தியது, அதன் பொறுப்பை அது சுமக்கட்டும். ஆனால் காங்கிரசை எதிர்த்து மேத்தாவுக்கு வாக்களித்துவிட்டு, அம்பேத்கருக்கு மட்டும் சீட்டுப் போட மனம் வராதவர்கள் எந்தக் கட்சி? அவர்களுக்குக் கட்சி இல்லை, சாதி இருக்கிறது. 1932இல் எரவாடா சிறைக்குள் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்துக் கூட்டு வாக்காளர் தொகுதியை ஏற்க நேர்ந்தபோது அண்ணல் அஞ்சியது இதற்குத்தான். வகுப்புவாரித் தீர்ப்பில் 71 இடம், ஒப்பந்தத்தில் 148 இடம். எண்ணிக்கை இரட்டிப்பானது, தேர்ந்தெடுக்கும் கை மாறிப்போனது. இருபத்திரண்டு ஆண்டு கழித்து அதன் விலையைப் பண்டாராவில் அவரே நேரில் கட்டினார்.

அவர் ஓயவில்லை. சில மாதங்களில், 1954 செப்டம்பரில், மாநிலங்களவையில் தீண்டாமைக் குற்ற மசோதா மீது எழுந்து பேசினார். சட்டத்தின் பெயரே சரியில்லை, இது குடியுரிமைகளைக் காக்கும் சட்டம் என்று சொல்லப்பட வேண்டும் என்றார். 1976இல்தான் அந்தப் பெயர் வந்தது. 1955 ஆகஸ்டில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் செயற்குழு, நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் தனித் தொகுதி இட ஒதுக்கீட்டை உடனே நீக்குங்கள் என்று தீர்மானம் போட்டது. இன்று இட ஒதுக்கீட்டுக்கே எதிரானவர்கள் சிலர் இந்தத் தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கல்வி, வேலை ஒதுக்கீட்டை அந்தத் தீர்மானம் தொடவில்லை. ஊர் தேர்ந்தெடுத்துத் தரும் தலித் பிரதிநிதி என்ற ஏற்பாட்டைத்தான் வேண்டாம் என்றது. பண்டாராவை அறிந்தவர்களுக்கு அந்தத் தீர்மானத்தின் பின்னணி புரியும். பண்டாரா தனி இடம் அதே 1955இல் மறுபடியும் இடைத்தேர்தலைக் கண்டது. அதில் வென்று மக்களவைக்குப் போனவர் போர்க்கரின் துணைவியார் அனுசயாபாய் போர்க்கர்.

இரண்டு வாசல் என்று சொன்னோம் அல்லவா, அந்தக் கதையின் மிச்சம் ஆந்திராவில் இருக்கிறது. 1957 பொதுத் தேர்தல். பார்வதிபுரம் இரட்டைத் தொகுதி, ஒரு பொது இடம், பழங்குடியினருக்கு ஒரு தனி இடம். பொது இடத்துக்குப் போட்டியிட்டவர் வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவரானாரே அவர்தான். வாக்கு எண்ணியபோது முதல் இரண்டு இடமும் இரண்டு பழங்குடி வேட்பாளர்களுக்கு. தனி இடத்தில் பித்திக சத்யநாராயணா, பொது இடத்தில் திப்பல சூரி தோரா. கிரி வழக்குப் போட்டார். தனி இடத்துக்கு மனுக் கொடுத்தவர் பொது இடத்தில் எப்படி வெல்லலாம் என்பது வாதம். 1959இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சூரி தோராவின் வெற்றி செல்லும் என்றது. பொது என்றால் எல்லாருக்கும் பொது. சாதி இந்துவுக்கு ஒதுக்கிய இடம் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.

தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1961இல் நாடாளுமன்றம் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தொகுதி பெரிதாக இருக்கிறது, செலவு அதிகம், நிர்வாகம் கடினம் என்று காரணங்கள் பேசப்பட்டன. தொகுதிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதி தனித் தொகுதி, மறு பாதி பொதுத் தொகுதி ஆயிற்று. 1962 தேர்தலில் வாக்காளர்களின் கையில் ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது.